குப்பை என்று எண்ணாமல் விட்டது

1

ஊருக்குப் போனால் தவறாமல் வரும் கேள்வி, "பினாங்குல என்ன வேலைம்மா?" என்பது. "பாசி வளர்க்கிறேன்" என்பேன். தூத்துக்குடியில் எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கு உடனே முகம் மலரும். "பாசிப்பயறா? அங்க நல்லா விளையுமோ?" பயறு இல்லை மாமா, கடலில் இருக்கும் பாசி என்று திருத்தினால், "அப்ப ஜெல்லி செய்யிறதுக்கா" என்று அடுத்த தவறான முடிவுக்குப் போவார். அதுவும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பாசி என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத ஒன்றை வளர்ப்பதற்காகவா இவள் விமானம் ஏறினாள் என்று அவர் யோசிப்பது தெரியும்.

இந்த மாதத்தோடு நாங்கள் இங்கே வந்து பத்து வருடம். கணவருக்குத் தீவின் தெற்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தோம். நான்கு வயதில் வந்த யாழினிக்கு இப்போது பதினான்கு. இங்கே யாருக்கும் அவள் பெயர் வாயில் நுழையாது என்பதைப் பல வருடம் புகாராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவளே தன்னை 'யாலினி' என்றுதான் சொல்கிறாள். நான் மட்டும் என்ன, என் முதலாளி செல்வி என்ற என் பெயரைச் 'செவி' என்றே கூப்பிடுகிறார். எட்டு வருடமாக நான் ஒரு காதாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

பத்தாம் ஆண்டுக்குக் கேக் வெட்டலாம் என்றார் கணவர். எனக்கு மனம் போகவில்லை. அந்த வாரம் என் பாசி செத்துக்கொண்டிருந்தது.

2

நான் வேலை செய்வது பாலிக் புலாவைத் தாண்டி, கடலை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன இறால் குஞ்சுப் பண்ணையில். இறால் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, முதல் இரண்டு நாள் எதுவும் சாப்பிடாது. பிறகு வாயைத் திறக்கும். திறந்த நேரத்தில் அதைச் சுற்றி டயட்டம் என்ற ஓரணுப் பாசி மிதந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே நாளில் தொட்டி முழுக்கப் போய்விடும். அந்தப் பாசியைக் கண்ணாடிக் குடுவையில் தொடங்கி, பாட்டிலுக்கு மாற்றி, பீப்பாய்க்கு மாற்றி, கடைசியில் வெளித்தொட்டிவரை பெருக்கிக் கொடுப்பது என் வேலை. குளிரூட்டிய அறை, வெள்ளை விளக்குகள், வரிசையாகக் குடுவைகள். உள்ளே இருக்கும் தண்ணீர் இங்கே கடைகளில் கொடுக்கும் பால் இல்லாத தேநீரின் நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம்.

டயட்டம் பிரியும் விதத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. ஒவ்வொரு அணுவும் கண்ணாடியால் ஆன ஒரு சம்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மூடி, உள்ளே பொருந்தும் அடிப்பாகம். அணு இரண்டாகும்போது ஒருத்தி மூடியை எடுத்துக்கொள்வாள், இன்னொருத்தி அடிப்பாகத்தை. இருவருமே தங்களுக்குக் கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு புது அடிப்பாகத்தைச் செய்துகொள்வார்கள். மூடி வாங்கியவள் அம்மா அளவிலேயே இருப்பாள். அடிப்பாகம் வாங்கியவள் ஒரு மயிரிழை சிறுத்துவிடுவாள். அவள் பிள்ளைகளில் ஒருத்தி இன்னும் சிறுப்பாள். ஆயிரக்கணக்கான தலைமுறைக்குப் பின் கூட்டமே குள்ளமாகி, சோர்ந்து, பிரிவதை நிறுத்திவிடும்.

எங்கள் டயட்டத்தை நான்தான் பிடித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பண்ணைக்கு எதிரே கடலில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, நுண்ணோக்கிக்கு அடியில் மெல்லிய கண்ணாடிக்குழாயால் அணுக்கள் கோத்த ஒரே ஒரு சங்கிலியைப் பிரித்தெடுத்தேன். எட்டு வருடமாகப் பண்ணையில் இருக்கும் அத்தனையும் அந்த ஒன்றின் வம்சம். ஒரே நாளில் இரட்டிப்பாகும் கூட்டம் இந்த வருடம் இரண்டு நாள் எடுத்தது, பிறகு மூன்று. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் நூல் மாதிரி ஒல்லி. கடைசியாக, மழை கொட்டிய அந்த வாரத்தில் புதிதாகப் போட்ட பாட்டில்கள் வளரவே இல்லை. நிறம் வெளிறி, அடியில் படிந்து கிடந்தன.

முதலாளி எட்டிப் பார்த்தார். பண்ணையில் மற்றவர்களுக்கு அவர் 'தவுக்கே'. அவர் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்தது, இடையிடையே சீனமும் வரும். இங்கே தமிழில் தருகிறேன்.

"செவி, அடுத்த முட்டைக் கூட்டம் வர இன்னும் பத்து நாள். இது எழுந்திருக்குமா?"

"பார்க்கிறேன் சார்."

"பார், பார். ஆனா வெளிநாட்டுல பாசியை விழுதா அரைச்சு டப்பால அடைச்சு விக்கிறான். குளிர்பெட்டில வெச்சா போதும். எனக்கு இந்த அறைகூட மிச்சம்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

3

அறை போனால் ஏன் பயம் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் வேலை அனுமதிச் சீட்டில் என் பெயர் மட்டும் இல்லை, என் வேலையின் பெயரும் இருக்கிறது. அந்த வேலை இல்லையென்றால் அந்தச் சீட்டும் இல்லை. கணவரின் சீட்டில் தொற்றிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். காலையில் பசாருக்குப் போய் மீன் பார்ப்பேன், மத்தியானம் மீனைச் சமைப்பேன். மீனுக்கு என்ன தீவனம் போட்டிருப்பார்கள் என்று யோசித்தபடி சாப்பிடுவேன். மறுபடி அந்த இடத்துக்குப் போக எனக்கு விருப்பம் இல்லை.

முதல் முறை அந்தச் சீட்டு வாங்கப் போனது நினைவிருக்கிறது. கவுண்டரில் இருந்த அம்மா விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று மலாயில் கேட்டார். மூன்று மாதம் படித்த மலாயை எல்லாம் திரட்டி, "நான் லும்புர் வளர்க்கிறேன்" என்றேன். லுமுட் என்றால் பாசி. லும்புர் என்றால் சேறு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து கவுண்டருக்குக் குரல் கொடுத்தார். அவர்களும் வந்து பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து சேறு வளர்க்க வந்த பெண்ணை அந்த அலுவலகம் அன்று மிகவும் அன்போடு நடத்தியது. நாற்காலிகூடக் கொடுத்தார்கள். சிரித்து முடித்த பிறகு அந்த அம்மாவே சரியான சொல்லைக் காகிதத்தில் எழுதித் தந்தார்.

அந்தச் சீட்டை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும்.

4

பாசி சாவது எனக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் படிக்கும்போது, மின்சாரம் போனால் கல்லூரி ஆய்வகத்தில் காற்று மோட்டார் நின்று பாசி அடியில் படிந்துவிடும். அதனால் விடுமுறை நாட்களில் என் குடுவைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துக் கையால் குலுக்குவேன். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தால் குடுவைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "தண்ணி பச்சை புடிச்சுப் போச்சுட்டி, கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன்" என்றார் அம்மா. ஆறு வாரப் படிப்பு. அந்தக் கறிவேப்பிலை மட்டும் செழித்தது.

இங்கே அந்த மழைக்கு அடுத்த வாரம் யாழினிக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் தனியாக விட்டால் போனில் விழுந்து கிடப்பாள் என்று பண்ணைக்கு அழைத்துப்போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவள் தோழிகள் கர்னி டிரைவில் சுற்றும்போது அவள் பாசி அறையில் உட்கார வேண்டும்.

"எண்ணிக் குடு, கை சும்மா இருக்க வேண்டாம்" என்று நுண்ணோக்கியையும், அழுத்தினால் எண் கூடும் கிளிக்கரையும் கொடுத்தேன். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, கட்டத்துக்குள் எத்தனை அணு என்று எண்ண வேண்டும். வளர்கிறதா, இல்லையா என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

"அம்மா, திஸ் இஸ் ஸோ போரிங் லா."

"தமிழ்ல சொல்லு."

"ரொம்ப... போரிங் லா."

அந்தத் திங்கட்கிழமை, வெளிறிக் கிடந்த பாட்டில்களில் மிஞ்சியதைப் புதுத் தண்ணீருக்கு மாற்றியிருந்தேன். கடைசி முயற்சி. திங்கள், செவ்வாய், புதன் என்று அவள் எண்ணி எழுதிக் கொடுத்தாள். எண்ணிக்கை ஏறவே இல்லை. புதன்கிழமை லேசாக இறங்கிக்கூட இருந்தது. வியாழக்கிழமை காலை, எல்லாவற்றையும் கழுவிவிடலாம் என்று பாட்டில்களைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா கறிவேப்பிலைக்கு ஊற்றியதை நான் சாக்கடைக்கு ஊற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தூக்கிய பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்தபோது, எண்ணிக்கை சொன்ன அளவுக்கு அது வெளிறியிருக்கவில்லை. கொஞ்சம் தேநீர் நிறம் திரும்பியிருந்தது.

"சரியாத்தான் எண்ணுனியா?"

"சரியாத்தான் எண்ணுனேன். டர்ட்டை மட்டும் எண்ணல."

"என்ன டர்ட்?"

"அந்தக் குண்டு குண்டா இருக்குமே, அது. இதெல்லாம் ஒல்லியா இருக்கு, அது மட்டும் ஃபேட்டா, ரவுண்டா இருக்கு. முதல் நாள் இல்ல. நேத்து நெறைய. குப்பைன்னு விட்டுட்டேன்."

நான் நுண்ணோக்கியில் குனிந்தேன்.

நூல் மாதிரியான சங்கிலிகளுக்கு நடுவே, அவற்றைவிட மூன்று நான்கு மடங்கு பருமனான அணுக்கள். சில உருண்டையாக, தனியாக. சில அதற்குள் இரண்டு நான்காகப் பிரிந்து புதுச் சங்கிலி கட்டத் தொடங்கியிருந்தன. தடித்த, அகலமான, எட்டு வருடத்துக்கு முன் நான் பார்த்த அதே அளவுச் சங்கிலி.

டயட்டங்களுக்கு இந்த வழி உண்டு என்று படித்திருக்கிறேன். மிகச் சிறுத்துப்போன அணுக்கள் சில சமயம் பிரிவதை விட்டுவிட்டு, இணைந்து, ஓட்டைக் கழற்றிவிட்டு, உப்பிப் பெரிதாகிப் புது ஓடு கட்டும். சிறுத்தவற்றால் மட்டுமே அது முடியும். பெரியவை செய்யாது. படித்ததுதான். கண்ணால் பார்த்ததில்லை. என் மகள் இரண்டு நாளாகப் பார்த்துவிட்டுக் குப்பை என்று ஒதுக்கியிருந்தாள்.

"வை ஆர் யூ க்ரையிங்?" என்றாள்.

"கண்ணு வலிக்குது" என்றேன்.

5

முதலாளியை அழைத்துவந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி.

"மறுபடி செய்ய முடியுமா? இன்னும் எட்டு வருஷத்துல இதுவும் சிறுக்கும் இல்லையா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

அன்றே, தனியாக வைத்திருந்த பழைய ஒல்லிக் குடுவைகளிலிருந்து எடுத்து அதே உரம், அதே வெளிச்சம், அதே தண்ணீரில் புதிதாகப் போட்டேன். யாழினி நான்கு நாள் எண்ணினாள். இந்த முறை ஒல்லி, குண்டு என்று இரண்டு பத்தி போட்டு எழுதினாள். விடுமுறையில் பாதியும் ஒரு ஞாயிறும் போயிற்று. குண்டுப் பத்தியில் நான்கு நாளும் பூஜ்யம்.

பாசி காரணம் இல்லாமல் மாறாது. அது வாழ்வதே சுற்றியிருக்கும் தண்ணீரைக் கேட்டுக் கேட்டுத்தான். ஊரில் எங்கள் பெரியப்பா வேலை பார்த்த உப்பளத்தில், பாத்தியில் முதலில் தண்ணீர் பச்சையாக இருக்கும். வெயிலில் காய்ந்து உப்பு ஏற ஏற, அதே தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு வரும். சின்ன வயதில் யாரோ சாயம் கரைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உப்பு ஏறியதும் பாசி தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு நிறத்தைத் தயாரிக்கிறது என்று கல்லூரியில்தான் தெரிந்தது. அது ஞாபகம் வந்ததும், தண்ணீர்ப் பதிவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். உப்பு எல்லா நாளும் ஆயிரத்துக்கு முப்பது. மழை வாரத்திலும் முப்பது. வெயிலிலும் முப்பது. கடல் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

நோட்டை எழுதுபவர் மணியம் அண்ணன். சுங்கை பினாங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து தினம் மோட்டார் சைக்கிளில் மலை ஏறி இறங்கி வருவார். சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால். கடலிலிருந்து தண்ணீர் இழுத்துத் தொட்டி நிரப்புவது இருபது வருடமாக அவர் வேலை. நான் நோட்டோடு போனபோது பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்த்ததும் துணியை மடித்து வைத்தார்.

"தங்கச்சி, ஒரு விசயம். கோவிச்சுக்காத லா."

"சொல்லுங்கண்ணே."

"அந்த மழை வாரத்துல என் தங்கச்சி மகளுக்குப் பரிசம். நிபோங் திபால்ல. கடல் ஏத்தம் சாயங்காலம்தான். ஏத்தத்துல தண்ணி இழுத்துட்டுக் கெளம்புனா பாலத்துல ஜாம் ஆயிரும். தாய்மாமன் இல்லாம எப்படித் தட்டு மாத்துறது. அதனால மத்தியானமே இழுத்துட்டேன்."

"கடல் வத்தத்துலயா?"

"வத்தத்துலதான். மழை வேற. ஆத்துத் தண்ணி எல்லாம் கடல்ல வந்து நிக்குது. எனக்குத் தெரியும் லா, தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"அளந்தீங்களா?"

அவர் மடித்த துணியை மறுபடி எடுத்தார். "அளந்தேன். பதினெட்டு."

"முப்பதுன்னு எழுதியிருக்கீங்களே அண்ணே."

"பதினெட்டுன்னு எழுதுனா தவுக்கே பாப்பாரே. மறுநா முழுத் தொட்டியையும் கொட்டிட்டு ஏத்தத்துல புதுசா நெரப்பிட்டேன். அதுக்குள்ள நீ காலையிலேயே உன் பாட்டிலுக்கு எடுத்துட்ட. உன் பாசி சோந்து போனதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. என்னாலதான் செத்துச்சுன்னு தெரியும். நீ வேற நோட்டைத் தூக்கிட்டு வர்ற."

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை, ஏனென்றால் உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. எட்டு வருடத்தில் அவர் எழுதியதை நான் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. இன்னொன்று, அவர் சொல்லச் சொல்ல என் தலைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டில் ஐந்து நாள். பிறகு திங்கட்கிழமை முப்பதுக்கு. நல்ல தண்ணீரில் மட்டும் வைத்தவை குண்டாகவில்லை. நீர்த்த தண்ணீரில் கிடந்து, திடீரென்று உப்புக்குத் திரும்பியவைதான் பெருத்தன.

"அண்ணே, அந்தத் தண்ணி மறுபடி வேணும்."

"எந்தத் தண்ணி?"

"அந்தத் தப்புத் தண்ணி."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

6

நல்ல தண்ணீரோடு காய்ச்சி வடித்த தண்ணீரைக் கலந்து நானே பதினெட்டு செய்திருக்கலாம். கலந்து ஒரு வரிசை போடவும் செய்தேன். ஆனால் மணியம் அண்ணன் கேட்கவில்லை. அடுத்த மழைக்குக் காத்திருந்து, வற்றத்தில் ஒரு பீப்பாய் இழுத்து, என் கண் முன்னால் மூன்று முறை அளந்து, நோட்டில் 'பதினெட்டு' என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். இரண்டு வரிசைகளும் ஐந்து நாள் சோர்ந்து கிடந்தன. பிறகு முப்பதுக்கு மாற்றினேன். மூன்றாம் நாள், பள்ளிச் சீருடையோடு நேராகப் பண்ணைக்கு வந்த யாழினி எண்ணினாள். யாரும் அழைக்கவில்லை. பேருந்து மாறி அவளே வந்திருந்தாள். இரண்டு வரிசையிலும் குண்டுப் பத்தியில் எண் விழுந்தது.

அதற்குள் முதல் பாட்டில்களின் வம்சம் பீப்பாய்களைத் தாண்டி வெளித்தொட்டிக்குப் போயிருந்தது. முட்டைக் கூட்டம் சொன்ன நாளில் வந்து இறங்கியது.

முதலாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மணியம் அண்ணன் பெயரை விட்டுவிட்டு, 'மழைத்தண்ணீர் தற்செயலாகக் கலந்துவிட்டது' என்று சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். அலுவலக வாசலில் அண்ணனே என்னை முந்திக்கொண்டு உள்ளே போனார். நின்றபடியே மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். பரிசம், பாலம், வற்றம், நோட்டு. எதையும் விடவில்லை.

முதலாளி காப்பியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு காட்டுச்சு?"

"பதினெட்டு, தவுக்கே."

"உண்மையான பதினெட்டா, நீ எழுதுற பதினெட்டா?"

"உண்மையானது."

முதலாளி எழுந்து சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் பெரிதாக 18 என்று எழுதினார். பிறகு திரும்பி, "இனிமே தப்பு செஞ்சா அன்னைக்கே எழுது. எந்தத் தப்பு உதவும்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றார். என்னிடம், "செவி, கடிதத்துல உன் பேருக்கு என்ன எழுத்து? எப்பவும் தப்பாகுது" என்றார். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். செவி என்றுதான் வந்தது.

வெளியே வந்ததும் மணியம் அண்ணன் பம்புப் பக்கம் போகத் திரும்பினார். பாசி அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். யாழினி குஞ்சுத் தொட்டியிலிருந்து ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்திருந்தாள். கண்ணாடி மாதிரி உடம்பு அந்தக் குஞ்சுகளுக்கு. சாப்பிட்டிருந்தால் வயிற்றுக்குள் ஒரு பழுப்புக் கோடு தெரியும். எல்லாவற்றுக்கும் தெரிந்தது.

"அங்கள், பாக்கறீங்களா?" என்றாள் யாழினி, தமிழில்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது லா, பாப்பா."

"தெரிய வேணாம். பாத்தா போதும்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார், பிறகு ஒன்றைத் திறந்தார். யாழினி குமிழைத் திருகினாள். அவர் உடம்பு அசையாமல் நின்றது.

"தங்கச்சி" என்றார், தலையைத் தூக்காமலே. "இதுக்கா நான் இத்தனை வருசம் தண்ணி எறைச்சேன்?"

"ஆமாண்ணே."

"திங்குது லா" என்றார். "வாய் அசையுது."

தொட்டியை நிரப்பும் நேரம் வந்துவிட்டது என்று பம்பின் மணி அடித்தது. அவர் கையை மட்டும் பின்னால் நீட்டி, கொஞ்சம் பொறு என்று காட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.